தியரி மாப்பிள்ளை

அன்புள்ள கதிருக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் செருப்பில் ஒன்றை மட்டும் காணவில்லை. நேற்று நூலகத்துக்குக் கிளம்பியபோது இரண்டு காலிலும் செருப்பு இருந்தது, திரும்பி வந்தபோது ஒரு காலில்தான் இருந்தது. எங்கே விட்டீர்கள் என்று கேட்டால் "எந்தச் செருப்பு?" என்கிறார். ஆகையால் கடலூரில் எல்லாம் வழக்கம்போல என்று வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது, குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை, நாங்கள் தயிர்சாதம் சாப்பிட்டோம். உனக்குச் சொல்ல வேண்டிய பதில் போனில் சொல்லி முடிகிற அளவில் இல்லை. நீ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், நான் சரியாகத்தான் கேட்டேனா பார். "அம்மா, நீ ஒரு வார்த்தை சொன்னா சுகந்தி கேப்பா. எங்க கம்பெனியில வேலை ரெடியா இருக்கு. மும்பைக்குப் போயி வருஷக்கணக்குல தியரி ஆராய்ச்சி பண்ணி அவ இன்னா பண்ணப் போறா? அப்பாவைக் கட்டிக்கினு நீ பட்டது எனக்குத் தெரியாதா? நம்ம குடும்பத்துக்கு ஒரு தியரி போதும்மா." இப்படிச் சொன்னாய். ஆவணியில் உங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம், அதற்குள் அவள் மனதை மாற்றிவிடு என்பது எனக்கு நீ இட்டிருக்கிற வேலை. எனக்கு இந்த மாதக் கடைசியோடு கரண்ட் ஆபீஸில் வேலை முடிகிறது. பொறுப்பை எல்லாம் ஒப்படைத்தாகிவிட்டது, மேஜைக்கு இனி ஒரு ஃபைலும் வராது. மேலே ஃபேன் ஓடுகிறது, மணி பதினொன்றுக்கு டீ வருகிறது. அதனால் சாவகாசமாக எழுதுகிறேன், நீயும் சாவகாசமாகப் படி.

நான் பட்டது என்று நீ ஒரு வார்த்தை சொன்னாய் பார், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உன் தாத்தா திருவதிகையில் பலாப்பழ மொத்த வியாபாரி என்பது உனக்குத் தெரியும். பழத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்பவர், மாப்பிள்ளையையும் அப்படித்தான் தட்டிப் பார்த்தார். அப்பா அப்போது வெளிநாட்டில் இருந்து வந்து சிதம்பரத்தில் பேராசிரியராகச் சேர்ந்திருந்தார். பெண் பார்க்க வந்தவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். தாத்தா கேட்டார்: "மாப்ள இன்னா வேலை பாக்குறீங்க?" "தியரி" என்றார் அப்பா. "அப்ப பிராக்டிகலு?" "அதை வேற யாராவது பண்ணுவாங்க." தாத்தா எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். அவருக்குத் தெரிந்து தியரி, பிராக்டிகல் இரண்டிலும் மார்க் வாங்கினால்தான் பாஸ். ஆனாலும் பெண்ணைக் கொடுத்தார். "மறைக்காம சொல்லுது பாரு அந்தப் புள்ள. தியரி முடிச்சிட்டான், பிராக்டிகல் பாக்கி. போகப் போக எழுதிடுவான்" என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். அன்றைக்கு விழுந்த பெயர்தான் தியரி மாப்பிள்ளை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு பெரியப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க வூட்டுக்காரு பிராக்டிகல முடிச்சிட்டாரா?" என்று அக்கறையாக விசாரிப்பார். இல்லை பெரியப்பா, இன்னும் பாக்கி என்று நானும் சிரிக்காமல் சொல்வேன்.

அவருடைய வேலை என்ன என்று உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீ அவரிடம் கேட்டிருக்கிறாய், அவர் சொன்னது உனக்குப் புரியவில்லை, நீ எழுந்து கிரிக்கெட் விளையாடப் போய்விட்டாய். எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். தண்ணீர் ஐஸ் ஆகிறது. எப்படி எல்லாத் துளியும் ஒரே நேரத்தில் முடிவு செய்கின்றன, யார் அவற்றுக்குச் சொன்னது என்பதுதான் அவருடைய கேள்வி. நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். "இதுல இன்னாங்க அதிசயம்? எங்க ஆபீஸ்ல சாயங்காலம் ஒருத்தர் டிபன்பாக்ஸ மூடுவாரு. பக்கத்து சீட்டு அதைப் பாக்கும். அவுங்க பைய எடுப்பாங்க. அப்புறம் பாத்தா ஆபீஸே எழுந்து நிக்கும். யாரும் யாருக்கும் சொல்லல" என்றேன். தோசையைக் கையில் பிடித்தபடியே அப்பா என்னைப் பார்த்தார். பிறகு "ஆங்" என்றார். அந்த "ஆங்" உனக்கும் தெரியும். தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில் இருந்து வருகிற ஒரு சத்தம், அது வந்தால் தோசை ஆறிவிடும். அந்த டிபன்பாக்ஸை அவர் எந்தெந்த நாட்டிலோ மேடையில் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கொருவர் பக்கத்தில் இருப்பவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம், எந்த இடத்தில் சட்டென்று ஒன்றாக மாறும் என்பதற்கு அவர் ஒரு சமன்பாடு கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அந்தப் பெயரைத் தப்புத் தப்பாக உச்சரித்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறார்கள். இந்தப் பக்கம் நம் புதுப்பாளையத்தில் அவருக்குப் பெயர் கரண்ட் ஆபீஸ் அம்மா வீட்டுக்காரர்.

கஷ்டத்தை மறைக்கிறேன் என்று நினைக்காதே. சிதம்பரம் போக பஸ் ஏறினால் யோசனையிலேயே சீர்காழிக்குப் போய்விடுவார். கடைசியில் அந்த ரூட் கண்டக்டர்கள்தான் அவரைத் தோளில் தட்டி இறக்கிவிட்டார்கள். எலெக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்று ஊருக்குச் சொன்னவர், வீட்டில் பீஸ் போனால் நான் ஆபீஸில் இருந்து வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பார். அதெல்லாம் எனக்குச் சிரிப்பு. ஆனால் ஒன்று சிரிப்பில்லை. நீ மூன்றாவது படிக்கும்போது உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர மறந்துவிட்டார். எல்லாப் பிள்ளைகளும் போனபிறகு நீ வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். நான் ஆபீஸ் முடிந்து ஓடிவந்தபோது நீ அழவில்லை, "அப்பா யோசிச்சிக்கினு இருப்பாரு" என்று எனக்கே சமாதானம் சொன்னாய். அந்தக் கோபம் இன்னும் உன்னிடம் இருக்கிறது. இருக்கட்டும், அது நியாயமான கோபம். அன்றைக்கு நான் அவரோடு போட்ட சண்டையைப் பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். மறுநாளில் இருந்து பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே போய் கேட்டில் நின்றுகொள்வார், அங்கே நின்று யோசிப்பார். மறப்பதை அவரால் நிறுத்த முடியவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டார்.

அப்பா ஓய்வு பெற்ற வருஷம்தான் கடல் பொங்கி வந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து நமக்கு மீன் கொண்டு வருகிற அஞ்சலையக்கா, பிள்ளைகளோடு நம் வீட்டு முன்கூடத்தில் வந்து தங்கினார். நாலைந்து நாள் கழித்து மறுபடியும் அலை வருகிறது என்று ஒரு புரளி கிளம்பி, ஊரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தெருவில் நின்ற கூட்டம் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. "சார், நீங்க பிசிக்ஸ்தான? மறுபடி வருமா, வராதா?" அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியாது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், வராதுன்னு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று உள்ளே இழுத்துவந்து கத்தினேன். "தெரியாதும்மா, எனக்கு நெஜமாவே தெரியாது" என்று திரும்பவும் அதையே சொன்னார். ஊரெல்லாம் ஓடியபோது அஞ்சலையக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. "தெரியும்னு சொல்றவன் எல்லாம் தலைதெறிக்க ஓடுறான். தெரியாதுன்னு சொன்ன மனுஷன் அப்படியே உக்காந்துகினு இருக்காரு. நான் இவுரு பக்கத்துலயே இருந்துக்கறேன்" என்றார். அன்றைக்கு அலை வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் அதற்குப் பிறகு அப்பா என்னிடம் எதைச் சொன்னாலும் நான் நம்பினேன்.

இனி நான் சொல்லப்போவதில் பாதிதான் உனக்குத் தெரியும். நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாய். ஒரு லீவில் வந்தபோது, உங்கப்பா என்ன பண்றாருன்னு ஃபிரண்ட்ஸ் கேட்டா வீட்ல யோசிக்கிறாருன்னா சொல்றது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். அதே சமயத்தில் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜிலிருந்து அப்பாவைத் தேடி வந்தார்கள். இயக்குநர் பதவி, வாசலில் பெயர்ப்பலகை, வீட்டுக்கே கார் வரும். பாடம் நடத்தக்கூட வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். எனக்கும் ஆசை வந்தது. நாலு பேர் வீட்டில் இருக்கிற மாதிரி காலையில் கிளம்பி சாயங்காலம் வருகிற மனிதர் நம் வீட்டிலும் இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை. நீ போனில் கெஞ்சினாய், நான் நேரில் கெஞ்சினேன். "சரி" என்றார் அப்பா. அவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. இயக்குநர் என்றால் இயக்குநர்தான். ஷூ போட்டார், வாட்ச் கட்டினார், அந்த வாட்சைப் பார்க்கவும் செய்தார். சாயங்காலம் வரும்போது கேட்காமலே காய்கறி வாங்கி வந்தார், கத்திரிக்காயில் ஒரு சொத்தை இருக்காது. கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டார். பிளம்பரை வரவழைத்து, பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினார். எங்கள் ஆபீஸில் நான் வாய் ஓயாமல் பெருமை பேசினேன். தாத்தா போனில், "பிராக்டிகல முடிச்சிட்டான் பாத்தியா!" என்று ஒரே குதி. கதிர், அந்தச் சில வாரங்கள் எனக்கு எப்படி இருந்தன என்று நேர்மையாகச் சொல்கிறேன். முதலில் ஜாலியாக இருந்தது. பிறகு ஒருநாள் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு "புளி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். கல்யாணமான நாளில் இருந்து என் சாப்பாட்டில் புளி இருக்கிறதா என்றே அவருக்குத் தெரியாது. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்குப் பயம் வந்தது.

அதற்குப் பிறகுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எல்லாம் பென்சிலால் கிறுக்கி வைத்திருப்பார் இல்லையா, அவற்றின் பின்பக்கம் இப்போது வெள்ளையாகவே கிடந்தது. விடியற்காலையில் நான் அடுப்பு பற்றவைக்கும்போது சமையற்கட்டு நிலைப்படியில் வந்து நின்றுகொண்டு, முதல் நாள் யோசித்ததை எல்லாம் சொல்வார். எனக்கு ஒன்றும் புரியாது, அது அவருக்கும் தெரியும். சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டு, "ஆங்" என்று திரும்பிப் போய்விடுவார். இத்தனை வருஷம் என் காலை அப்படித்தான் விடிந்தது. இப்போது நிலைப்படியில் வந்து நின்று, "பால் வந்துடுச்சா?" என்றார். ஒருநாள் நானே வாய்விட்டுக் கேட்டேன்: "ஏங்க, இன்னைக்கு ஒண்ணும் யோசிக்கலையா?" "எதுக்கு?" என்றார். சலிப்பாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. நிஜமாகவே எதற்கு என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிள்ளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பிறந்த ஊர். பிச்சாவரம் பக்கம் தண்ணீரைப் பார்த்தால் பேச ஆரம்பித்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. கல்யாணமான புதிதில் அந்த உப்பங்கழியில் படகில் போகும்போது, துடுப்பு போடும் இரண்டு சுழல்கள் ஒன்றோடொன்று எப்படி மல்லுக்கு நிற்கின்றன என்று எனக்குக் காட்டிக்கொண்டே வந்து, சுழல் கலைந்துவிடும் என்று படகை ஓட்டவேண்டாம் என்றவர். இந்தத் தடவை படகுக்காரரிடம் கட்டணத்துக்குப் பேரம் பேசினார். நன்றாகவும் பேசினார், படகுக்காரர் குறைத்துக்கொண்டார். படகில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்தார். "அஞ்சரை பஸ்ஸப் புடிச்சிடலாம்" என்றார். நான் சுரபுன்னை மரங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவர் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தார். கேட்டது கிடைத்தபிறகு, என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்த மனிதரைக் காணவில்லை.

"நாளைக்குக் காலேஜுக்குப் போவாதீங்க" என்றேன். "ஏன், நீதான போவச் சொன்ன?" "நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன், போவாதீங்க." மறுநாள் காலையில் கார் வந்து ஹாரன் அடித்தபோது நானே வெளியே போனேன். "சாருக்கு லீவாம்மா?" என்று டிரைவர் கேட்டார். "இல்லப்பா, அவுருக்கு வேலையே வேணாம்" என்றேன். ஊருக்கு பிரஷர் என்று சொல்லிவைத்தேன், உனக்கும் அதைத்தான் சொன்னேன். அப்பாவின் ரத்த அழுத்தம் இன்றைக்கும் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

வேலையை விட்டால் உடனே எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. சும்மா இருந்தார், பேப்பர் படித்தார், டி.வி. பார்த்தார். போனது போனதுதானோ என்று தினமும் நினைத்தேன். மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன், நிலைப்படியில் வந்து நின்று பால் வந்ததா என்று கேட்க வாயெடுத்தவர் பாதியில் நிறுத்தினார். கூரையில் இருந்து ஒழுகிய தண்ணீர் பாத்திரத்தில் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு "ஆங்" என்றார். திரும்பி நடந்தார். அந்தத் தோசையை நான் கருகவிட்டுவிட்டேன், கருகினால் கருகட்டும் என்று நின்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு நீ பிறந்த அன்றைக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. அந்த "ஆங்" பெரிய கண்டுபிடிப்பாக ஆனதா என்று கேட்டுவிடாதே. ஒரு வாரம் எழுதிப் பார்த்துவிட்டு, மொத்தமும் தப்பு என்று கிழித்துப் போட்டார். தப்பைக் கண்டுபிடித்த அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

இதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்தப் பழைய சமன்பாட்டுக்காகப் பெரிய பரிசு வந்தது. பத்திரிகைக்காரர்கள் வீட்டில் வந்து, "இதனால மக்களுக்கு இன்னா சார் பயன்?" என்று கேட்டதும், அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு "தெரியல, தெரிஞ்சா சொல்லி அனுப்பறேன்" என்றதும் உனக்குத் தெரிந்த கதை. மஞ்சக்குப்பத்தில் வைத்த ஃபிளெக்ஸ் பேனரில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் பெரிய ராக்கெட் ஒன்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே நின்றுகொண்டு, "இந்த ராக்கெட் யாருது?" என்று என்னைக் கேட்டார். அன்றைக்கு நீ அவர் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டாய். அந்தப் போட்டோவில் உன் முகத்தில் இருக்கிற பெருமையை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

இப்போது சுகந்தியிடம் வருகிறேன். தானே என்று பெயர் வைத்த புயல் அடித்து ஊரெல்லாம் மரமும் கம்பமும் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். எனக்கு ஆபீஸே வீடாகிவிட்டது. கடை, பேங்க், மில், எல்லார் வேலையும் நின்றது. அப்பாவுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, பென்சிலுக்குக் கரண்ட் தேவையில்லை. சிதம்பரத்தில் எம்.எஸ்சி. படிக்கும் ஒரு பெண் ஏதோ சந்தேகம் கேட்க கீரப்பாளையத்தில் இருந்து பஸ் மாறி மாறி வந்துகொண்டிருந்தாள். வீட்டில் பேப்பர் தீர்ந்துபோக, இரண்டு பேரும் கூடத்துத் தரையில் சாக்கட்டியால் எழுத ஆரம்பித்திருந்தார்கள். நீ சென்னையில் இருந்து தண்ணீர் கேனும் மெழுகுவத்தியும் சுமந்துகொண்டு வந்து, கதவைத் திறந்து காலை உள்ளே வைத்தாய். "மிதிக்காதீங்க! அது மைனஸு!" என்று அவள் கத்தினாள். யார், என்ன என்று ஒன்றும் கேட்காமல் நீ ஒற்றைக் காலில் நின்றாயாம். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு போன் பண்ணும்போதெல்லாம் நீ அந்த மைனஸைப் பற்றியே பேசினாய். அவ்வளவு தூரம் சுமந்து வந்த கேனைக் கீழே வைக்கக்கூட மறந்துபோய், அவள் அதை எழுதி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன் என்று நீயே என்னிடம் சொன்னாய். உனக்கு அவளைப் பிடித்துப் போனது அப்போதுதான். அந்த மைனஸை அழித்துவிடச் சொல்லித்தான் இப்போது என்னைக் கேட்கிறாய்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா சில வாரம் மாறியபோது எனக்குச் சட்டென்று தெரிந்தது, ஏனென்றால் ஆம்பளை காய்கறி வாங்கி வந்தால் வீட்டுக்கே தெரியும். சுகந்தி மாறினால் உனக்குத் தெரியாது. காலையில் எழுந்து சமைப்பாள், வேலைக்குப் போவாள், வருவாள், உன் சட்டையில் பட்டன் தைத்துக் கொடுப்பாள். நல்ல பொண்ணு, பொறுப்பான பொண்ணு என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். யோசிப்பதை அவள் என்றைக்கு விட்டாள் என்று நாள் குறிக்க யாரும் இருக்க மாட்டார்கள். நீ கேட்டால் அவள் சரி என்றுதான் சொல்வாள் கதிர், உன் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. உன் அப்பாவும் எனக்குச் சரி என்றார். அதனால்தான் கேட்காதே என்கிறேன்.

அவளிடம் நான் பேசமாட்டேன். உன்னிடம் பேசுகிறேன். உன் கம்ப்யூட்டர் வேலை மும்பையிலும் கிடைக்கும், அவளுடைய வேலை அங்கே மட்டும்தான் இருக்கிறது. நீ போ. புளி ஜாஸ்தியா குறைச்சலா என்று அவளுக்குத் தெரியாது, நீ பார்த்துப் போட்டுக்கொள். உன்னை எங்காவது காக்கவைத்து மறந்துபோவாள், அப்போது மூன்றாவது படித்த பிள்ளை மாதிரி ஸ்டூலில் சமாதானமாக உட்கார்ந்திருக்காதே. நேரே போய், நான் இங்கதான் இருக்கேன் என்று சண்டை போடு. நான் போட்டிருக்கிறேன், இன்றைக்குச் செருப்புக்கும் போடுவேன். அவள் பேசாமல் இருந்தால் உன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு நீ வாடாதே, ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட்டு உன் வேலையைப் பார். அவள் சொல்வது புரியாவிட்டாலும் அடுப்பை அணைக்காமல் காதைக் கொடு. புரிந்த மாதிரி தலையாட்டாதே, கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் சந்தோஷமாக இருந்தேனா என்று நீ நேராகக் கேட்கவில்லை, ஆனால் உன் கேள்வி அதுதான். இருந்தேன். இப்போதும் இருக்கிறேன். நீ என் கஷ்டத்தை எண்ணிப் பார்த்திருக்கிறாய், அது பிள்ளைக்கு இருக்க வேண்டிய குணம்தான். ஆனால் விடியற்காலை நிலைப்படியில் நடந்தது எதுவும் உன் கணக்கில் வந்திருக்காது, நீ அப்போது தூங்கிக்கொண்டிருந்தாய். உன் தாத்தா கேட்ட அந்தப் பிராக்டிகலை நம் வீட்டில் அப்பா செய்யவில்லை, கிள்ளைப் படகில் உட்கார்ந்து நான்தான் செய்து முடித்தேன். ரிசல்ட் என்ன என்று உனக்குச் சொல்லிவிட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று சுகந்தியின் தாய்மாமன், அந்த நெல் மண்டிக்காரர், அவளைக் கூப்பிட்டு என்ன கேட்டார் என்று நீ கவனித்தாயா? "தியரி தியரின்றியே, பிராக்டிகல எப்பம்மா முடிப்ப?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, உன் தாத்தாவே எழுந்து வந்து கேட்டது போல இருந்தது. அவள் சிரித்து மழுப்பினாள், நீ தலையைக் குனிந்துகொண்டாய். கல்யாணத்தன்று அவர் முதல் வரிசையில்தான் உட்காருவார், பார்த்துக்கொண்டே இரு, திரும்பவும் கேட்பார். அப்போது தலையைக் குனியாதே. மாலையும் கழுத்துமாக நிமிர்ந்து நின்று, மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்: "அவுங்களுக்குத் தியரி மட்டும்தான் மாமா. பிராக்டிகல் எனக்கு."

உன் அம்மா